சிறகவரை சாலட்: ஒரே பொருட்கள், இரண்டு கிண்ணங்கள்

தாய்லாந்தில் 'யம் துவா பூ' என்று ஒரு சாலட் உண்டு. சிறகவரைக்காயை மெல்லியதாக நறுக்கி, அவித்த இறால் சேர்த்து, சுட்ட மிளகாய் விழுது, எலுமிச்சைச் சாறு, மீன் சாஸ் கலந்த டிரெஸ்ஸிங்கில் பிரட்டித் தருவார்கள். மேலே முதல் தேங்காய்ப்பால், வறுத்த தேங்காய்த் துருவல், பொடித்த வேர்க்கடலை, பொரித்த சின்ன வெங்காயம், அவித்த முட்டை. வழக்கமாகக் கொஞ்சம் பன்றிக் கொத்துக்கறியும் போடுவார்கள். அதை விட்டுவிட்டு இறாலும் கணவாயும் மட்டும் போட்டுச் செய்வதும் உண்டு. நான் எழுதப்போவது அந்த வகையைப் பற்றி.

பட்டியலைப் படித்தால் கல்யாண விருந்து மாதிரி கனமாகத் தெரியும். சாப்பிட்டால் வயிற்றில் நின்றதே தெரியாது. தேங்காய்ப்பாலும் கடலையும் முட்டையும் போட்ட ஒன்று எப்படி லேசாக இருக்கிறது? எப்போது அப்படி இல்லாமல் போகிறது? இரண்டையும் ஒரே மேசையில், ஒரே நேரத்தில் பார்க்க ஒரு வாய்ப்பு வந்தது.

நடந்தது

பாங்காக்கில் நாங்கள் இருக்கும் குடியிருப்பில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். சீலோம் மாரியம்மன் கோவில் பக்கம் குடியிருக்கும் ஒரு தமிழ்க் குடும்பத்தைச் சாப்பிட அழைத்திருந்தோம். சமையல் எங்களுடையது, சாலட் மட்டும் பக்கத்து வீட்டுப் பெரியம்மாவின் பொறுப்பு. பெட்சபுரிக்காரர். நாங்கள் அவரை 'பா' என்றுதான் கூப்பிடுவோம், அங்கே பெரியம்மா முறைக்கு அப்படித்தான்.

வருகிறவர்கள் "பத்து நிமிஷத்துல வந்துடுவோம்" என்று போன் செய்தார்கள். பா உடனே பாதிப் பொருட்களை எடுத்து ஒரு கிண்ணம் கலந்து வைத்தார். அப்புறம் சாத்தோன் சாலையில் வண்டிகள் நகரவில்லை. பாங்காக்கில் இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அவர்கள் வந்து சேர முக்கால் மணி நேரம் ஆகிவிட்டது.

பா முதல் கிண்ணத்தை ஒரு பார்வை பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. மிச்சமிருந்த காயையும் இறாலையும் எடுத்து, அதே ஜாடியில் இருந்த டிரெஸ்ஸிங்கை ஊற்றி, இரண்டாவது கிண்ணத்தை அவர்கள் கை கழுவி வருவதற்குள் கலந்துவிட்டார். இரண்டும் மேசைக்கு வந்தன. உப்பு, காரம், அளவு எல்லாம் ஒன்றுதான். கலந்த நேரம் மட்டும் வேறு.

இரண்டாவது கிண்ணம் சோறு பரிமாறும் முன்பே காலி. முதலாவதில் ஆளுக்கு ஒரு வாய் எடுத்ததோடு சரி. விருந்தாளி வீட்டுப் பெண், "அண்ணா, இது ரெண்டும் வேற வேற காயா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. பார்க்கவும் அப்படித்தான் இருந்தது.

காய்

சிறகவரையை ஊரில் மாடித்தோட்டம் வைத்திருப்பவர்களுக்குத் தெரிந்திருக்கும். சந்தையில் கேட்டால் பெரும்பாலும் தெரியாது என்பார்கள். கேரளத்தில் சதுரப் பயறு என்ற பெயரில் வீட்டுத் தோட்டங்களில் உண்டு. இலங்கையில் சிங்களவர் தம்பலை என்பார்கள். மலேசியாவில் பச்சையாகவே சம்பல் பெலாச்சான் தொட்டுச் சாப்பிடுகிறார்கள். தாவரவியல் பெயர் சோபோகார்ப்பஸ் டெட்ராகொனோலோபஸ். நாலு மூலையும் நாலு சிறகுமாக இருக்கும் காய், குறுக்கே வெட்டினால் ஒவ்வொரு துண்டும் குழந்தைகள் செய்யும் காகிதக் காற்றாடி மாதிரி இருக்கும்.

இந்தக் காய்க்கு ஒரு காலத்தில் உலகப் புகழ் வரவேண்டியது. 1975இல் அமெரிக்காவின் தேசிய அறிவியல் கழகம் இதைப் பற்றித் தனி அறிக்கையே வெளியிட்டது. இலை, பூ, காய், விதை, கிழங்கு எல்லாம் உண்ணக்கூடியவை. உலர்ந்த விதையில் 30 சதவீதத்துக்கு மேல் புரதம், எண்ணெயும் உண்டு. வெப்பநாடுகளின் சோயா இதுதான் என்றார்கள். 1978இல் மணிலாவில் ஒரு சர்வதேச மாநாடு, 1981இல் கொழும்பில் இன்னொன்று. கண்டிக்குப் பக்கத்தில் இதற்கென்றே ஒரு ஆய்வு நிறுவனமும் வந்தது.

அப்புறம் பேச்சு அடங்கிவிட்டது. காரணங்கள் எளிமையானவை. கொடி ஆளுயரத்தைத் தாண்டி ஏறும், பந்தலோ கம்போ இல்லாமல் சரியாகக் காய்க்காது. விதைத்தோல் கல் மாதிரி. நெடுநேரம் வேகவைக்க வேண்டும், பச்சை விதையில் செரிமானத்தைத் தடுக்கும் பொருட்களும் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, காய்கள் ஒரே நேரத்தில் முற்றாது. ஒரு பக்கம் பூ, ஒரு பக்கம் பிஞ்சு, ஒரு பக்கம் முற்றல் என்று மாதக்கணக்கில் போய்க்கொண்டே இருக்கும். இயந்திரம் வைத்து அறுவடை செய்ய நினைப்பவருக்கு இது தலைவலி.

வீட்டுச் சமையலுக்கு இதுவே வசதி என்பது என் எண்ணம். இரண்டு நாளுக்கு ஒரு முறை ஒரு கைப்பிடி பிஞ்சு. இந்த சாலட்டுக்கு வேண்டியதும் அவ்வளவுதான். விதைக்காக இதைத் தூக்கிப் பிடித்தவர்கள் கைவிட்டார்கள். காய்க்காக வளர்த்த தென்கிழக்கு ஆசியக்காரர்கள் முன்னும் பின்னும் ஒரே மாதிரிதான் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

வாங்கும்போது ஒரு சாணுக்கு மேல் நீளமானதைத் தொடவேண்டாம். வளைத்தால் சட்டென்று ஒடியவேண்டும். விதை புடைத்துத் தெரிந்தால் முற்றல், நார் பல்லில் மாட்டும். சிறகின் ஓரம் பழுப்பாகியிருந்தால் பறித்து நாளாகிவிட்டது. இது வெப்பநாட்டுக் காய், குளிர் ஆகாது. 10 டிகிரிக்குக் கீழே வைத்தால் சீக்கிரம் கறுக்கும். ஃபிரிட்ஜில் வைத்தே ஆகவேண்டும் என்றால் ஈரமில்லாத துணியில் சுற்றிக் கதவுப் பக்கம் வையுங்கள், அடுத்த நாளே சமைத்துவிடுங்கள்.

வெட்டும் முறையில்தான் விஷயம்

பா காயை முழுசாக, உப்புப் போட்ட கொதிநீரில் போட்டார். ஒரு நிமிடம்கூட இல்லை. பச்சை நிறம் பளிச்சென்று ஏறியதும் எடுத்து ஐஸ் தண்ணீரில். ஆறியதும் துணியில் பரப்பி, ஒவ்வொன்றாகத் துடைத்தார். ஆம், ஒவ்வொரு காயையும், சிறகுகளுக்கு நடுவில் விரலை ஓட்டி. அதற்கப்புறம்தான் கத்தியே எடுத்தார்.

முதலில் நறுக்கிவிட்டு அவித்தால் வேலை சுலபம். ஆனால் வெட்டின முகம் வழியாக உள்ளறையில் தண்ணீர் போய் உட்கார்ந்துகொள்ளும், அப்புறம் எதைச் செய்தும் வெளியே வராது. முழுசாக அவித்துத் துடைத்து நறுக்கினால் துண்டுகள் உலர்ந்தே இருக்கும்.

குறுக்கே, அரைச் சென்டிமீட்டருக்கும் குறைவான கனத்தில் நறுக்கினார். இந்த சாலட் லேசாக இருப்பதற்குக் காரணம் இந்த வெட்டுத்தான் என்று நினைக்கிறேன். நாலு சிறகு இருந்தால் நடுவில் நாலு பள்ளம். ஒவ்வொரு துண்டும் அந்தப் பள்ளங்களில் டிரெஸ்ஸிங்கைப் பிடித்துக்கொள்கிறது. கிண்ணத்தின் அடியில் தேங்குவதற்கு மிச்சம் இருக்காது. எல்லாத் துண்டிலும் சுவை ஏற, ஊற்ற வேண்டிய அளவு குறைகிறது. தேங்காய்ப்பாலும் நாலு கரண்டியோடு நின்றுவிடுகிறது. இதையே பீன்ஸ் போட்டுச் செய்து பாருங்கள்: தோல் வழவழப்பு, டிரெஸ்ஸிங் வழுக்கிக் கீழே போய்விடும். சுவை பற்றவில்லை என்று இன்னும் ஊற்றுவீர்கள். அங்கேயே கனம் வந்துவிட்டது.

நீளவாக்கில் நறுக்குகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். தட்டில் அழகாகத் தெரியும், வேறு பலன் இல்லை.

இறாலும் கணவாயும்

நாலு பேருக்குக் காய் 200 கிராம் என்றால், சுத்தம் செய்த நடுத்தர இறால் 200 கிராம், கணவாய் 150 கிராம், முட்டை இரண்டு. கடலுணவு இதற்குமேல் போனால் காய் பின்னுக்குப் போய்விடும்.

தண்ணீர் கொதித்ததும் அடுப்பை அணைத்துவிட்டு இறாலைப் போட்டு மூடிவைத்தார் பா. இரண்டு நிமிடம். இறால் லேசாக வளைந்து, கண்ணாடித் தன்மை போய் வெளுத்ததும் வெளியே. இறுகச் சுருண்டு வட்டமாகிவிட்டால் வெந்தது அதிகம். தசை சுருங்கித் தன் நீரைப் பிழிந்துவிட்டது என்று அர்த்தம். அந்த நீரும் கடைசியில் சாலட்டில்தான் வந்து சேரும். கணவாயின் உட்பக்கத்தில் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி, கொதிக்கிற தண்ணீரில் முக்கால் நிமிடம். கணவாய்க்கு இரண்டே வழி, ஒரு நிமிடத்துக்குள் எடுக்கவேண்டும் அல்லது அரைமணிக்கு மேல் வேகவிடவேண்டும். நடுவில் எடுத்தால் ரப்பர்.

இவற்றை ஐஸ் தண்ணீரில் போடவில்லை. அகலமான தட்டில் பரப்பி, மின்விசிறிக் காற்றில் ஆறவிட்டார். காய்க்குக் குளிர்ந்த நீர் எதற்கென்றால் நிறம் நிற்க. இறாலுக்கு நிறம் பிரச்சினையே இல்லை, நனைந்து சப்பென்று ஆவதுதான் மிச்சம். கொஞ்சம் முன்னதாகவே எடுத்துவிட்டால் உள்ளே இருக்கும் சூடு பாக்கியை முடித்துவிடும்.

டிரெஸ்ஸிங்

இதன் அடித்தளம் 'நம் பிரிக் பாவ்'. காய்ந்த மிளகாய், சின்ன வெங்காயம், பூண்டு மூன்றையும் கருக்கச் சுட்டு அல்லது வறுத்து, சென்னாக்கூனி சேர்த்து இடித்து, எண்ணெயில் புளி, பனஞ்சர்க்கரை, மீன் சாஸுடன் வதக்கிய விழுது. கருஞ்சிவப்பு நிறம், மேலே எண்ணெய் மிதக்கும். கடையில் பாட்டிலில் கிடைக்கிறது, அது போதும். பார்க்கப் பயமுறுத்தினாலும் இனிப்பும் புகைவாசனையும்தான் முன்னே நிற்கும். சுரீரென்று ஏறுவது தனியாக நறுக்கிப் போடும் பச்சை ஊசி மிளகாயிலிருந்து. ஊரில் இதற்குக் காந்தாரி மிளகாய் சரியாக இருக்கும்.

அளவு இப்படி: மிளகாய் விழுது ஒன்றரை மேசைக்கரண்டி, எலுமிச்சைச் சாறு இரண்டு, மீன் சாஸ் ஒன்றரை, பனஞ்சர்க்கரை ஒன்று, ஊசி மிளகாய் மூன்று அல்லது நாலு. சர்க்கரை கரையும்வரை கலக்கி, நக்கிப் பார்த்தால் புளிப்பு முதலில், உப்பு அடுத்து, இனிப்பு மெதுவாக, காரம் கடைசியில் வரவேண்டும். தனியாகச் சுவைக்கும்போது கொஞ்சம் தூக்கலாகத்தான் இருக்கும். காயும் முட்டையும் தேங்காய்ப்பாலும் அதை இறக்கிவிடும்.

பா பயன்படுத்தியது பெட்சபுரியிலிருந்து கொண்டுவந்த பனஞ்சர்க்கரை. அந்த ஊர் பனைமரத்துக்குப் பேர்போனது, நம் பனைதான். ஆனால் கருப்பட்டியை எடுத்துப் போட்டால் இதே சுவை வராது. அவர்களுடையது வெளிர் நிறம், விரலால் கிள்ளலாம், புகைவாசனை குறைவு. கருப்பட்டி டிரெஸ்ஸிங்கைக் கறுப்பாக்கி, எல்லாவற்றையும் தன் பக்கம் இழுத்துவிடும். ஊரில் செய்கிறவர்கள் நாட்டுச்சர்க்கரையைப் பாதியாகக் குறைத்துப் போடலாம். மீன் சாஸுக்கு மாற்று இல்லை. நெத்தலியையும் உப்பையும் ஒரு வருடமோ அதற்கு மேலோ தொட்டியில் ஊறவைத்து இறக்கும் சாறு அது. உப்புத் தண்ணீரால் அந்த இடத்தை நிரப்ப முடியாது.

இரண்டு கிண்ணங்களும்

இனி அந்த முக்கால் மணி நேரத்தில் நடந்ததைப் பார்க்கலாம்.

முதல் கிண்ணத்தில் முதலில் கண்ணில் பட்டது நிறம். பளிச்சென்ற பச்சை போய், ஊறுகாயில் கிடக்கும் மிளகாயின் மங்கல் பச்சை வந்திருந்தது. பச்சையத்தின் நடுவில் ஒரு மக்னீசிய அணு இருக்கிறது. எலுமிச்சையின் அமிலம் அதை வெளியேற்றிவிட்டால் நிறம் இப்படித்தான் மாறும். ஐஸ் தண்ணீரில் போட்டு நிறுத்திய நிறத்தை எலுமிச்சை மெதுவாகக் கழற்றிவிட்டது.

அடுத்தது தண்ணீர். கிண்ணத்தைச் சாய்த்தால் அடியில் ஒரு குட்டை. துடைத்துத் துடைத்து நறுக்கின காயிலிருந்து இது எப்படி வந்தது? மீன் சாஸில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் உப்பு. அதோடு சர்க்கரை வேறு. வெட்டின முகங்களில் இது பட்டதும் காயின் உள்ளிருக்கும் நீரை வெளியே இழுக்கிறது, வெள்ளரித் துண்டில் உப்புப் போட்டால் நடப்பதுதான். சாலட் முழுவதுக்கும் போட்ட டிரெஸ்ஸிங்கே ஏறக்குறைய 6 மேசைக்கரண்டி. அதில் 2 மேசைக்கரண்டி தண்ணீர் சேர்ந்தால் போதும், எல்லாச் சுவையும் கால்பங்கு நீர்த்துவிடும். முதல் கிண்ணத்தில் அதற்குக் குறையாமல் தேங்கியிருந்தது.

நான் எதிர்பார்க்காதது காரத்தின் போக்கு. நீர்த்துப்போனால் காரம் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி குறைந்திருக்கவேண்டும் அல்லவா? அப்படி இல்லை. மேலே கிடந்த காய் சப்பென்று இருந்தது. அடியிலிருந்து எடுத்தவர் கண்ணில் தண்ணீர். மிளகாயின் காரப்பொருள் தண்ணீரில் சரியாகக் கரையாது, கொழுப்பில்தான் கரையும். கலந்த உடனே சாப்பிட்டால், விழுதின் எண்ணெயும் தேங்காய்ப்பாலும் சேர்ந்து துண்டுகளின் பள்ளங்களில் படிந்திருக்கும்; காரம் அதோடு ஒட்டிக்கொண்டு எல்லா வாயிலும் சமமாக வரும். நீர் ஊறி வந்ததும் அந்தப் படலம் கழன்று கீழே இறங்கிவிடுகிறது. தேங்காய்ப்பாலும் அமிலத்தில் திரிந்து சிறு திட்டுகளாக நின்றது. வெங்காயமும் கடலையும் நமத்துப்போனதைத் தனியாகச் சொல்லவேண்டியதில்லை.

இறாலும் மாறியிருந்தது. மேற்பரப்பு இறுகி, கொஞ்சம் மாவாக. வெந்த பிறகும் அமிலம் புரதத்தை விடுவதில்லை. கணவாய் மட்டும் ஏறக்குறைய அப்படியே இருந்தது. சொல்லப்போனால் அதில் புளிப்பு ஏறி நன்றாகவே இருந்தது என்பேன். என் மனைவி ஒத்துக்கொள்ளவில்லை.

இரண்டாவது கிண்ணத்தின் அடியில் டிரெஸ்ஸிங் தேங்கவே இல்லை. பா கலந்த வரிசையைக் கவனித்தேன். அகலமான கிண்ணத்தில் முதலில் இறாலும் கணவாயும், அவற்றின் மேல் டிரெஸ்ஸிங்கில் பாதி. அப்புறம் காய், மிச்ச டிரெஸ்ஸிங், மூன்று நாலு பிரட்டு. தட்டுக்கு மாற்றிய பிறகுதான் முதல் பாலை மேலே விட்டார், அதைக் கலக்கவே இல்லை. கடைசியாக வறுத்த தேங்காய், கடலை, வெங்காயம், முழுசாகப் பொரித்த காய்ந்த மிளகாய். முட்டை பக்கத்தில், மஞ்சள்கரு நடுவில் கொஞ்சம் இளகலாக. இத்தனையும் இரண்டு நிமிடத்துக்குள். கடலை ஆகாத விருந்தாளி யாராவது இருந்தால் இந்த வரிசையில் அதைத் தனிக் கிண்ணத்தில் வைத்துவிடுவதும் சுலபம்.

ஆக, முன்கூட்டியே செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. காயை அவித்துத் துடைத்து முழுசாக வைக்கலாம், இறாலையும் கணவாயையும் ஆறவைக்கலாம். மிளகாய் விழுது, மீன் சாஸ், சர்க்கரை மூன்றையும் காலையிலேயே கலந்துவிடலாம்; எலுமிச்சை மட்டும் கடைசி நேரத்தில் பிழிவது நல்லது, நேரம் போனால் வாசனை போய்விடும். நறுக்குவதும் கலப்பதும் ஆட்கள் மேசையில் உட்கார்ந்த பிறகு. வருகிறேன் என்று போன் செய்தவரை நம்பி எலுமிச்சையில் கை வைக்கவேண்டாம்.

முதல் கிண்ணமும் வீணாகவில்லை. இரவில் பா அதன் சாற்றை வடித்துச் சூடான சோற்றில் ஊற்றி, ஒரு முட்டைப் பொரியலோடு சாப்பிட்டார். சோற்றுக்கு அந்த நீர்ப்பும் காட்டமும் சரியாகவே பொருந்தியது.

ஊரில் செய்ய நினைப்பவர்களுக்கு

இறாலும் கணவாயும் எங்கும் கிடைக்கும். நம் எலுமிச்சையே போதும், சின்ன வெங்காயத்தில் நாம் அவர்களைவிடப் பணக்காரர்கள். தடை சிறகவரைதான். சந்தையில் தேடி அலைவதைவிட விதை வாங்கிப் போடுவது நடக்கிற காரியம். விதைத்தோல் கடினம் என்பதால் முதல் நாள் இரவு ஊறவைத்து, ஊறாத விதைகளை ஓரத்தில் லேசாக உரசிவிட்டு நடவேண்டும். ஆடி, ஆவணியில் போட்டால் பகல் குறுகும் பருவத்தில் பூவெடுக்கும். சித்திரையில் போட்டால் கொடி மட்டும் செழித்து ஓடும், காய்க்க அதே ஐப்பசி வரை காத்திருக்கவேண்டும். உறுதியான பந்தல் கட்டுங்கள், ஆளுயரத்துக் கம்பு போதாது. முதல் பிஞ்சுகள் வந்ததும் தினமும் பார்த்துப் பறித்தால்தான் தொடர்ந்து பூக்கும். இரண்டு மூன்று காய் முற்றிவிட்டால் கொடி விதை வளர்ப்பதில் இறங்கிவிடும்.